கிறிஸ்துமஸ் விருந்துக்கு சைடு டிஷ்ஷா என்ன சாலட் வைக்கலாம்? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் பாதி தாண்டினா எங்கிட்ட வர்ற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரோஸ்ட் ரெடி, கேக் ரெடி, சாலட்டுக்கு என்ன பண்றது? பல வருஷமா விருந்துக்கு சாலட் போடறது என் வேலை, அதனால திரும்பத் திரும்ப கேக்கறதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். வேணுங்கிற கேள்விக்கு நேரா போயிடுங்க, முழுசா படிக்கணும்னு இல்ல.

இவ்ளோ ஐட்டம் இருக்கும்போது சாலட் எதுக்கு? யாரும் தொடக்கூட மாட்டாங்களே?

விருந்து தட்டை ஒரு தடவை மனசுல கொண்டு வாங்க. ரோஸ்ட் கறி, கிரேவி, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, ஸ்டஃபிங், பன். எல்லாமே சூடு, எல்லாமே மெத்து மெத்துன்னு இருக்கும், எல்லாத்துலயும் கொழுப்பு, நிறம்கூட ஒரே பிரவுன். முதல் நாலு வாய் பிரமாதமா இருக்கும், அதுக்கப்புறம் நாக்கு திகட்டிப் போயிடும், வயிறு நிறையறதுக்கு முன்னாடியே போதும்னு தோணும். அந்த நேரத்துல ஜில்லுன்னு, புளிப்பா, கடிச்சா மொறுக்குன்னு ஒரு வாய் உள்ள போனா நாக்கு கழுவி விட்ட மாதிரி ஆயிடும், அடுத்த துண்டு கறி மறுபடியும் முதல் வாய் மாதிரி ருசிக்கும். சாலட்டோட வேலை அதுதான், தட்டுல இல்லாததை கொண்டு வர்றது.

யாரும் தொடறதில்லன்னு சொல்ற வீட்டுல பெரும்பாலும் வெள்ளரி, தக்காளி, நாலு லெட்டூஸ் இலை, உப்புகூட சரியா இல்லாம ஓரமா ஒரு பவுல்ல கிடக்கும். அதை நானும் தொட மாட்டேன். புளிப்பும் உப்பும் சரியா போட்டு ஒரு தடவை வெச்சுப் பாருங்க, கிண்ணம் காலியாகும்.

இன்னொண்ணு, அன்னைக்கு ஓவன் ஃபுல், நாலு அடுப்பும் ஃபுல். அடுப்பே கேக்காத ஒரே சைடு டிஷ் இதுதான்.

எத்தனை சாலட் போடணும்?

எட்டு பேர் வரைக்கும் ரெண்டு போதும். ஒண்ணு இலை வகை, கடைசி நிமிஷத்துல கலக்கறது. இன்னொண்ணு கெட்டியான காய் வகை, முந்தின நாளே பண்ணி வெக்கறது. அஞ்சு வகை பண்ணி எதுக்கும் உப்பு பாக்க நேரமில்லாம போறதைவிட, ஒண்ணே ஒண்ணு நல்லா பண்றது மேல்.

ஒரு ஆளுக்கு எவ்ளோ கணக்கு?

இலை சாலட்னா ஒருத்தருக்கு 40ல இருந்து 50 கிராம் இலை. கேக்க கம்மியா தெரியும், ஆனா 10 பேருக்கு அரை கிலோ இலைன்னா அது ஒரு மலை, உங்க வீட்டு பெரிய பாத்திரமே பத்தாது. உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா (சீவின முட்டைகோஸ் சாலட்), தானியம் போட்ட சாலட் மாதிரி கனமானதுன்னா 100ல இருந்து 150 கிராம். ரெண்டு மூணு வகை இருந்தா ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. டிரெஸ்ஸிங், அதாவது மேல ஊத்தற எண்ணெய் வினிகர் கலவை, ஒருத்தருக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல வேணாம், பவுல் அடியில குளம் கட்டுச்சுன்னா அளவு ஜாஸ்தின்னு அர்த்தம்.

மெயின் டிஷ்ஷுக்கு ஏத்த மாதிரி சாலட்டை எப்படி முடிவு பண்றது?

மெயின் டிஷ்ல என்ன தூக்கலா இருக்குன்னு பாருங்க, அதுக்கு எதிரா இருக்கறதை சாலட்ல வைங்க.

வான்கோழி, கோழி ரெண்டும் கொழுப்பு கம்மி, கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், அதுக்கு சாறு உள்ள சாலட் வேணும். ஆரஞ்சு சுளை, மாதுளை, பேரிக்காய் சேர்த்த இலை சாலட் நல்லா போகும். வாத்துல நிறைய கொழுப்பு, அதுக்கு புளிப்போட கொஞ்சம் கசப்பும் இருந்தா அருமை, ராக்கெட் இலை, ராடிச்சியோ மாதிரி கசப்பு இலையில ஆரஞ்சு போட்டு பாருங்க. ஹாம் ஏற்கனவே உப்பும் இனிப்பும், அதனால சாலட்டுல சீஸ், ஆலிவ்னு மறுபடி உப்பை ஏத்தாதீங்க, ஆப்பிள், செலரி, முட்டைகோஸ், மஸ்டர்ட் (கடுகு பேஸ்ட்) டிரெஸ்ஸிங்னு போங்க. மாட்டுக்கறி ரோஸ்ட்டுக்கு பீட்ரூட்டும் ஹார்ஸ்ரேடிஷ்ங்கற காரமான வேரும் பிறந்ததுலேர்ந்து ஜோடி. மீன்னா மெல்லிசா சீவின வெள்ளரி, டில் இலை, எலுமிச்சை, அவ்ளோதான், அதுக்கு மேல போனா மீன் ருசி காணாம போயிடும்.

சைவ விருந்துல நட் ரோஸ்ட் (நட்ஸ் அரைச்சு சுட்டது) இருந்தா சாலட்ல மறுபடி நட்ஸ் போடாதீங்க. பீன்ஸை மூணு நிமிஷம் வேகவெச்சு ஐஸ் தண்ணியில போட்டு எடுத்து, எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் ஆயில்ல பிரட்டினா போதும்.

ஒண்ணே ஒண்ணுதான் பண்ண நேரம் இருக்கு, எதை பண்றது?

சிவப்பு முட்டைகோஸ், ஆப்பிள், மாதுளை, வால்நட். யோசிக்காம இதை பண்ணுங்க. பொங்குற சிவப்பு நிறம், முந்தின நாளே பாதி வேலை முடிஞ்சிடும், டேபிள்ல ரெண்டு மணி நேரம் இருந்தாலும் வாடாது.

எட்டு பேருக்கு அளவு சொல்றேன். அரை கிலோ சிவப்பு முட்டைகோஸை எவ்ளோ மெல்லிசா முடியுமோ அவ்ளோ மெல்லிசா சீவுங்க, இதுலதான் மொத்த சாலட்டும் இருக்கு, தடியா வெட்டினா மென்னு மென்னு வாய் வலிக்கும். ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு கையால நல்லா பிசைஞ்சு 20 நிமிஷம் விட்டுடுங்க, தண்ணி விடும், பிழிஞ்சு கொட்டிடுங்க. அது மேல ரெண்டு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு எலுமிச்சை பாதி, ஒரு டீஸ்பூன் மஸ்டர்ட், ஒரு டீஸ்பூன் தேன், நாலு டேபிள்ஸ்பூன் ஆலிவ் ஆயில் கலந்து ஊத்துங்க. வினிகர் பட்ட உடனே ஊதா நிறம் பளிச்சுன்னு பிங்க்கா மாறும் பாருங்க, பக்கத்துல குழந்தைங்க இருந்தா கூப்பிட்டு காட்டுங்க. முட்டைகோஸ்ல இருக்கற ஆந்தோசயனின்ங்கற நிறமி புளிப்பு பட்டா சிவக்கும், சோடா உப்பு மாதிரி காரம் பட்டா நீலமாகும்.

இதுவரைக்கும் முந்தின நாள் வேலை. மறுநாள் சாப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு ஆப்பிளை தோலோட தீக்குச்சி சைஸ்ல வெட்டி சேர்த்து, ஒரு மாதுளை முத்து, வறுத்த வால்நட் 80 கிராம் போட்டு பிரட்டுங்க. உப்பு பாருங்க. முடிஞ்சது.

எதெல்லாம் முன்னாடியே பண்ணி வெக்கலாம், எதை பண்ணக்கூடாது?

விருந்து நல்லா நடக்கறதும் சமைக்கறவங்க சிரிச்ச முகமா உக்காந்து சாப்பிடறதும் இதுல இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ரெண்டு நாள் முன்னாடி டிரெஸ்ஸிங் கலக்கி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடலாம். ஆலிவ் ஆயில் குளிர்ல உறைஞ்சு வெள்ளையா கட்டி கட்டியா தெரியும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, அரை மணி நேரம் வெளிய வெச்சு குலுக்கினா பழையபடி ஆயிடும். நட்ஸை 180 டிகிரில எட்டு நிமிஷம் வறுத்து ஆற வெச்சு டப்பால போடுங்க, ஆறாம மூடினா நமத்துப் போயிடும். பீட்ரூட்டையும் வேகவெச்சு தோல் உரிச்சு வெச்சிக்கலாம்.

முந்தின நாள் இலையை கழுவுங்க. கழுவறதைவிட காய வெக்கறது முக்கியம், ஸ்பின்னர் இருந்தா சுத்துங்க, இல்லைன்னா சுத்தமான காட்டன் துணியில கொட்டி நாலு மூலையையும் பிடிச்சு உதறுங்க. ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் இலையில ஒட்டாம வழுக்கி அடியில இறங்கிடும், சாலட் சப்புன்னு இருக்கறதுக்கு பாதி காரணம் இந்த தண்ணிதான். காஞ்ச இலையை டிஷ்யூ பேப்பர் போட்ட டப்பால வெச்சா மறுநாளும் புதுசா இருக்கும். மாதுளை உதிர்க்கறது, முட்டைகோஸ் ஊற வெக்கறது, உருளைக்கிழங்கு சாலட் எல்லாமே முந்தின நாள் வேலைதான், உருளைக்கிழங்கு சாலட் ஒரு ராத்திரி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.

அன்னைக்கு காலையில ஆரஞ்சு சுளை எடுக்கலாம், வெங்காயம் சீவலாம். பச்சை வெங்காய நெடி பிடிக்காதவங்க இருந்தா சீவினதை பத்து நிமிஷம் குளிர்ந்த தண்ணியில போட்டு வடிங்க, காரம் இறங்கிடும்.

கடைசி பதினஞ்சு நிமிஷத்துக்குன்னு விட்டு வைக்க வேண்டியது: அவகாடோ வெட்டறது, நட்ஸ் தூவறது, இலையில டிரெஸ்ஸிங் ஊத்தறது. இந்த மூணையும் முன்னாடி பண்ணாதீங்க, ப்ளீஸ்.

டிரெஸ்ஸிங் ஊத்தினா இலை ஏன் இப்படி துவண்டு போகுது?

ரெண்டு காரணம். உப்பு இலைக்குள்ள இருக்கற தண்ணியை வெளிய இழுக்கும், அந்த தண்ணிதான் இலையை விறைப்பா வெச்சிருக்கு, அது போனா துவளும். ரெண்டாவது, எண்ணெய். இலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, தண்ணி அதுல உருண்டு ஓடிடும், ஆனா எண்ணெய் அதை தாண்டி உள்ள இறங்கிடும். அதனாலதான் டிரெஸ்ஸிங் ஊத்தின லெட்டூஸ் அரை மணி நேரம்கூட தாங்காது. நான் ஒரு வருஷம் விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் கலந்து அழகா வெச்சேன், அவங்க வர லேட்டாச்சு, டேபிளுக்கு போனப்ப அது வதக்கின கீரை மாதிரி கிடந்தது, அன்னைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன். அதுலேர்ந்து எல்லாரும் சேர்ல உக்காந்தப்புறம்தான் பாட்டிலை கையில எடுக்கறது.

டிரெஸ்ஸிங் ஊத்தாத இலை வாடியிருந்தா காப்பாத்தலாம். ஐஸ் தண்ணியில பத்து பதினஞ்சு நிமிஷம் போடுங்க, தண்ணியை உறிஞ்சி நிமிர்ந்திடும். டிரெஸ்ஸிங் ஊத்தினதுக்கு வழி இல்ல.

கேல் கீரை மட்டும் தலைகீழ். அது முரடு, எண்ணெயும் உப்பும் போட்டு ரெண்டு நிமிஷம் கையால கசக்கினாதான் பதமா வரும், ஒரு மணி நேரம் முன்னாடியே கலந்து வெக்கலாம். கடைசி நிமிஷ டென்ஷன் வேணாம்னா லெட்டூஸை விட்டுட்டு கேல் எடுங்க.

டிரெஸ்ஸிங்குக்கு சரியான அளவு என்ன?

புத்தகத்துல எல்லாம் மூணு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர்னு இருக்கும். சாதாரண நாளுக்கு அது சரி. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு நான் ரெண்டுக்கு ஒண்ணுதான் போடறேன், ஏன்னா தட்டுல ஏற்கனவே கொழுப்பு நிறைய, சாலட் நல்லாவே புளிக்கணும்.

உப்பை முதல்ல வினிகர்ல போட்டு கரைச்சுடுங்க, எண்ணெயில உப்பு கரையாது, அப்புறம் ஒரு வாய் உப்பு கரிக்கும் அடுத்த வாய் சப்புன்னு இருக்கும். ஒரு டீஸ்பூன் மஸ்டர்ட் சேர்த்தா எண்ணெயும் வினிகரும் பிரியாம கொஞ்ச நேரம் கலந்தே நிக்கும், ருசிக்கும் நல்லது. ருசி பாக்கறப்ப ஸ்பூன்ல எடுத்து நக்கி பாக்காதீங்க, ஒரு இலையை முக்கி கடிச்சு பாருங்க. ஸ்பூன்ல ரொம்ப புளிப்பா தெரியறது இலையோட சேர்ந்தா சரியா இருக்கும்.

பீட்ரூட் போட்டா மொத்த சாலட்டும் ரத்தக்களரியா ஆயிடுது, என்ன பண்றது?

பீட்ரூட்டை மத்ததோட சேர்த்து கலக்கவே கூடாது. தனி கிண்ணத்துல எண்ணெயும் வினிகரும் போட்டு பிரட்டி வெச்சிட்டு, பரிமாறற தட்டுல இலை, ஆரஞ்சு எல்லாம் அடுக்கின அப்புறம் கடைசியா மேல வைங்க. வெள்ளை சீஸ் போடறீங்கன்னா அதுக்கும் அப்புறம், உதிர்த்து தூவிட்டு கையை எடுத்துடுங்க. மஞ்சள் பீட்ரூட் கிடைச்சா சாயம் பிரச்சனையே இல்ல.

இதையும் சொல்லிடறேன், பீட்ரூட் நிறைய சாப்பிட்டா சில பேருக்கு மறுநாள் யூரின் சிவப்பா போகும். நிறமிதான் அது, ஆபத்து ஒண்ணுமில்ல. விருந்துக்கு வர்றவங்ககிட்ட சொல்லி வைங்க, தெரியாம பயந்துடப்போறாங்க.

மாதுளை உதிர்க்கறதுக்குள்ள கிச்சனே தெறிக்குதே?

பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி, பழத்தை நாலா பிளந்து தண்ணிக்குள்ள வெச்சே உதிருங்க. முத்து அடியில போயிடும், வெள்ளை சவ்வு மேல மிதக்கும், அள்ளிப் போட்டுட்டு வடிகட்டினா ஆச்சு. சட்டையில கறையும் ஆகாது.

ஆப்பிள், பேரிக்காய் வெட்டினா கருத்துப் போகுதே?

வெட்டின இடத்துல காத்து பட்டா உள்ள இருக்கற என்சைம் வேலை பாக்க ஆரம்பிச்சிடும், அதனாலதான் கருக்குது. எலுமிச்சை சாறு அந்த வேலையை தடுக்கும், சாறு கலந்த தண்ணியில போட்டு வைங்க, இல்லைன்னா வெட்ட வெட்ட நேரா டிரெஸ்ஸிங்ல விழற மாதிரி பண்ணுங்க. அவகாடோவுக்கும் இதேதான், ஆனா அது எலுமிச்சையிலயும் ரொம்ப நேரம் தாங்காது.

உருளைக்கிழங்கு சாலட் ஒண்ணு குழையுது, இல்லைன்னா சப்புன்னு இருக்கு. எங்க தப்பு?

குழையறது கிழங்கோட ரகத்தால. மாவு ரகம் மசிக்கறதுக்கு, சாலட்டுக்கு மெழுகு மாதிரி வழவழன்னு கெட்டியா இருக்கற ரகம், சின்ன கிழங்கு இருந்தா ரொம்ப நல்லது. குளிர்ந்த தண்ணியில போட்டு அடுப்புல ஏத்துங்க, கொதிக்கற தண்ணியில போட்டா வெளிய குழைஞ்சு உள்ள வேகாம நிக்கும். தண்ணியில நல்லா உப்பு போடுங்க.

சப்புன்னு இருக்கறதுக்கு காரணம் ஆறினப்புறம் எல்லாம் சேர்க்கறது. வடிச்ச உடனே ஆவி பறக்கறப்பவே வெட்டி வினிகரும் உப்பும் தெளிச்சிடணும், சூட்டுல கிழங்கு எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கும். மயோனைஸ் மட்டும் முழுசா ஆறினப்புறம், சூட்டுல போட்டா உருகி எண்ணெய் பிரிஞ்சிடும். பொடியா வெட்டின செலரி, ஊறுகாய் வெள்ளரி, ஆப்பிள் இதுல ஏதாவது ஒண்ணு சேருங்க, கடிக்க ஏதாச்சும் வேணும் இல்லையா.

கிறிஸ்துமஸுக்குன்னே வழக்கமா பண்ற சாலட் ஏதாவது இருக்கா?

நிறைய இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. ஜெர்மனியில கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பல வீட்டுல உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான் சாப்பாடு. செக் நாட்டுல அதே ராத்திரி பொரிச்ச கெண்டை மீன் பக்கத்துல உருளைக்கிழங்கு சாலட். பின்லாந்துல ரொசோல்லின்னு பீட்ரூட், கேரட், உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி, ஆப்பிள் எல்லாம் குட்டி குட்டியா வெட்டி, மேல ஊத்தற கிரீமைக்கூட பீட்ரூட் சாறு விட்டு பிங்க் ஆக்கிடுவாங்க. மெக்சிகோவுல நோச்சேபுவேனா சாலட், பீட்ரூட், ஆரஞ்சு, வேர்க்கடலை, மாதுளை.

இத்தாலியில நேப்பிள்ஸ்காரங்களோட இன்சலாட்டா டி ரின்ஃபோர்சோ இன்னும் அழகு. வேகவெச்ச காலிஃபிளவர், ஆலிவ், ஆன்ச்சோவிங்கற உப்பு போட்ட குட்டி மீன், வினிகர்ல ஊறின மிளகாய் இதெல்லாம் சேர்ந்தது. ரின்ஃபோர்சோன்னா பலம் சேர்க்கறது. தினமும் குறையக் குறைய புதுசா சேர்த்து புத்தாண்டு வரைக்கும் ஓட்டுவாங்க, அதனால அந்த பேர் வந்ததுன்னு ஒரு விளக்கம் உண்டு.

இப்ப எல்லா நாட்டுலயும் பழகிப்போன ரெண்டு சாலட் ஹோட்டல்ல பிறந்தது. வால்டார்ஃப் சாலட் 1890கள்ல நியூயார்க் வால்டார்ஃப் ஹோட்டல்ல வந்தது, அங்க இருந்த ஆஸ்கர் சிர்க்கி 1896ல போட்ட சமையல் புத்தகத்துல ஆப்பிள், செலரி, மயோனைஸ் இந்த மூணுதான், வால்நட் பின்னாடி வந்து சேர்ந்துக்கிச்சு. ரஷ்யன் சாலட்னு நாம சொல்றது 1860கள்ல மாஸ்கோ எர்மிடாஜ் ரெஸ்டாரண்ட்ல லூசியன் ஒலிவியே பண்ணினது, ஆரம்பத்துல காட்டுப் பறவைக் கறியெல்லாம் போட்டு பெரிய மனுஷங்க சாப்பாடா இருந்தது, பின்னாடி உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, முட்டைன்னு சாதாரண வீட்டுக்கு இறங்கி வந்து அங்க புத்தாண்டுக்கு கட்டாயமான ஒண்ணா ஆயிடுச்சு. ரெண்டுமே முன்கூட்டி பண்ணி வெக்கலாம், ரெண்டுலயும் மயோனைஸை பாதி குறைச்சு தயிர் சேர்த்துக்கோங்க, கனம் குறையும்.

குளிர்ல யாருக்கு ஜில்லுன்னு சாலட் பிடிக்கும்?

அப்ப வெதுவெதுப்பா பண்ணுங்க. பரங்கிக்காய், காலிஃபிளவர், பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எதையாவது எண்ணெய் உப்பு போட்டு 200 டிகிரில அரை மணி நேரம் சுட்டு, சூடு ஆறறதுக்குள்ள வினிகர் டிரெஸ்ஸிங் ஊத்தி மேல ஒரு கை ராக்கெட் இலை போட்டா போதும். ரோஸ்ட்டை வெளிய எடுத்து அரை மணி நேரம் ஆற விடுவோம் இல்லையா, அப்ப ஓவன் சும்மாதான் இருக்கும், அந்த நேரம் இதுக்கு.

டிசம்பர்ல வெயில் அடிக்கற நாட்டுல இருந்தா நேர்மாறா போங்க, தர்பூசணி, வெள்ளரி, புதினா, பரிமாறற பவுலைக்கூட ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க.

ஜெல்லி சாலட் பண்ணினேன், அன்னாசி போட்டதும் உறையவே இல்ல. ஏன்?

சூடு பண்ணாத அன்னாசியில புரோமெலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது ஜெல்லியை உறைய வைக்கற ஜெலட்டினை துண்டு துண்டா உடைச்சிடும். டின் அன்னாசி சூடு பண்ணி அடைச்சது, அதுல அந்த என்சைம் செத்துப் போயிருக்கும், உறையும். கிவி, பப்பாளியிலயும் பச்சையா போட்டா இதே பிரச்சனைதான்.

டேபிள்ல எவ்ளோ நேரம் விடலாம்?

மயோனைஸ், முட்டை, சீஸ், கறி, வேகவெச்ச உருளைக்கிழங்கு, சாதம் இதெல்லாம் இருக்கற சாலட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்தான். விருந்துல பேசிக்கிட்டே நேரம் போறது தெரியாது, அதனால பாதியை மட்டும் வெளிய வெச்சிட்டு மீதி ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும்.

இதைவிட நான் பயப்படறது வேற ஒண்ணு. பச்சை கோழி வெட்டின பலகையிலயே சாலட் வெட்டறது. கறி அப்புறம் வேகும், அதுல இருக்கற கிருமி சாகும், சாலட் வேகாது. அதனால முதல்ல சாலட் எல்லாம் வெட்டி மூடி வெச்சிட்டு அப்புறம் கறியை எடுங்க, பலகை கத்தி ரெண்டுமே தனி. ஃப்ரிட்ஜ்லயும் பச்சை கறி கீழ் தட்டுல, சாலட் மேல் தட்டுல. கோழியை சிங்க்ல கழுவாதீங்க, தெறிக்கற தண்ணி பக்கத்துல இருக்கற இலை மேலதான் விழும்.

வர்றவங்கள்ல அலர்ஜி, கர்ப்பிணி, சின்ன குழந்தைங்க இருந்தா?

முன்னாடியே போன் பண்ணி கேட்டுடுங்க, இதுல கூச்சமே வேணாம். நட்ஸ் அலர்ஜின்னா எல்லாருக்கும் தெரியும், மஸ்டர்ட், செலரி, எள்ளுக்கும்கூட சில பேருக்கு ஆகாது. சீசர் டிரெஸ்ஸிங்ல ஆன்ச்சோவி மீன் இருக்கும், பர்மெசான் சீஸ் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற, பாலை திரிய வைக்கற ரென்னெட் போட்டு பண்றது, அதனால சைவக்காரங்களுக்கு சீசர் சாலட்டை அப்படியே கொடுக்காதீங்க. நட்ஸை எப்பவும் தனி கிண்ணத்துல வைங்க, வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும். அலர்ஜி கடுமையா இருக்கறவங்க வந்தா தனி கிண்ணம்கூட வேணாம், அன்னைக்கு வீட்டுல நட்ஸே எடுக்காதீங்க.

கர்ப்பிணிக்கு பச்சை முட்டையில வீட்டுல அடிச்ச மயோனைஸ் வேணாம், கடையில பாட்டில்ல வர்றது பாஸ்ச்சரைஸ் பண்ணின, அதாவது கிருமி சாக சூடு பண்ணின முட்டையில பண்றது, அது பரவாயில்ல. பிரீ மாதிரி வெள்ளைத் தோல் சீஸ், நீல சீஸ் ரெண்டையும் தவிர்க்கணும். ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு தேன் போட்ட டிரெஸ்ஸிங் கூடவே கூடாது. அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க தட்டுல முழு நட்ஸ், முழு திராட்சை போடாதீங்க, தொண்டையில சிக்கிடும், திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க.

பெரியவங்க மாத்திரையையும் மறக்காதீங்க. கிரேப்ஃப்ரூட் சில கொலஸ்ட்ரால் மாத்திரையோட சேராது, சாலட்டுக்கு ஆரஞ்சே போதுமே. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க கேல், பசலை மாதிரி கீரையை திடீர்னு நிறைய சாப்பிடறது நல்லதில்ல, வழக்கமா சாப்பிடற அளவுல வெச்சுக்கட்டும்.

வேற ஒருத்தர் வீட்டு விருந்துக்கு சாலட் கொண்டு போறேன், எப்படி எடுத்துட்டுப் போறது?

இலை ஒரு டப்பா, டிரெஸ்ஸிங் ஒரு பாட்டில், மேல தூவறது ஒரு குட்டி கவர். பெரிய பவுலும் கலக்கற கரண்டியும் நீங்களே கொண்டு போங்க, அன்னைக்கு அவங்க வீட்டுல ஒரு பாத்திரம்கூட காலியா இருக்காது.

மிச்சம் ஆனதை என்ன பண்ணலாம்?

டிரெஸ்ஸிங் ஊத்தின லெட்டூஸ் அன்னையோட முடிஞ்சது, மனசு கேக்கலைன்னாலும் வெச்சுக்காதீங்க. முட்டைகோஸ் சாலட் ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் நல்லாவே இருக்கும், மறுநாள் ஆறிப்போன கறித்துண்டோட பிரெட் நடுவுல வெச்சு சாப்பிட்டா, எங்க வீட்டுல விருந்தைவிட அதுக்குதான் போட்டி. கேல் மிச்சமிருந்தா சூப்புல போட்டுடுங்க, சுட்ட காய் சாலட்டை அப்படியே முட்டையோட ஆம்லெட்டா ஊத்தலாம். உருளைக்கிழங்கு சாலட் எவ்ளோ நேரம் வெளிய இருந்ததுன்னு ஞாபகம் இருந்தா மட்டும் வைங்க, ஞாபகம் இல்லைன்னா கொட்டிடுங்க.

எடுத்து வெக்கறதா இருந்தா விருந்து முடிஞ்சு எல்லாரும் கேக் பக்கம் போறப்பவே டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல தள்ளிடுங்க, பாத்திரம் கழுவறப்ப பாத்துக்கலாம்னு விட்டா ரெண்டு மணி நேரம் எப்பவோ தாண்டியிருக்கும்.